துறைமுகத்துக்கு மேலே வால்வெள்ளி

அந்த ஒக்டோபரில் கொழும்பில் துணி காயவில்லை.

நண்பகலுக்குப் பிறகு கிழக்கே கறுக்கும். பிறகு இடி. பிறகு மழை. களனி ஆறு கரை மீறிக் கொலன்னாவையில் வீதிகளில் படகு ஓடியது. கொட்டாஞ்சேனைக்கு வெள்ளம் வரவில்லை. ஈரம் வந்தது. சுவர் வியர்த்தது. உப்புப் போத்தல் கசிந்தது. ஒஸ்வால்டின் லோண்டரியில் கொடி கொடியாகத் துணி தொங்கியது. எல்லாவற்றிலும் ஒரே பூஞ்சண மணம்.

கடை ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கீழே கடை. மேலே ஓர் அறையும் குசினியும். அங்கே ஒஸ்வால்டும் மனைவி கொன்ஸ்ரன்ஸும் இருந்தார்கள். அதற்கும் மேலே ஸ்லாப், திறந்த மொட்டைமாடி. அங்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, துணி போடும் கம்பிகள், கால் உடைந்த கதிரை. மேற்கே பார்த்தால் ஓட்டுக் கூரைகள். கூரைகள் முடியும் இடத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். பிறகு கடல்.

வால்வெள்ளி அந்தப் பாரந்தூக்கிகளுக்கு மேல்தான் வரவேண்டும். சூரியன் விழுந்து சிறிது நேரத்தில், சுக்கிரனுக்கு வலப்புறம். கொன்ஸ்ரன்ஸுக்கு அது மாதக்கணக்காகத் தெரியும்.

"வேற பக்கம் வராதா?" என்று ஒஸ்வால்ட் கேட்டிருந்தார்.

"எந்தப் பக்கம்?"

"கோயில் பக்கம். கிழக்கால."

"கிழக்கால விடியக்காலமைல வந்து போயிட்டுது. முகில். இனி மேற்குதான்."

"துறைமுகத்துக்கு நேர மேலயா நிக்கவேணும்?"

"அது என்ன பஸ்ஸா, றூட் மாத்த?"

அவர் அயன் பெட்டியை எடுத்தார். பழைய கரிப்பெட்டி. சிரட்டைக்கரி போட்டு ஊதி, வாழையிலையில் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் துணியில் வைப்பார். மின்சார அயனும் இருந்தது. காக்கிக்கு அது சரிவராது என்பார். காக்கிக்குக் கஞ்சி அதிகம், பாரம் அதிகம் வேண்டும். அவருடைய வாடிக்கையில் பாதி பொலிஸ்காரர்கள்.

தொண்ணூற்றேழிலும் ஒரு வால்வெள்ளி வந்தது. அதுவும் பின்னேரத்தில்தான். அவர்கள் கலியாணம் முடித்த புதிது. கொன்ஸ்ரன்ஸ் ஒரு பைனாகுலர் வாங்கி இதே ஸ்லாப்பில் நின்றாள். ஒரு விடியற்காலை ரவுண்டப் வந்தது, பொலிஸ் வீடு வீடாகத் தேடியது. அலுமாரியில் பைனாகுலர் அகப்பட்டது. யாருடையது என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் ஒஸ்வால்ட், "என்ட" என்றார். அப்போது அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் எழுத்தர். அவரைக் கொண்டுபோனார்கள். டிசம்பரில், நத்தாருக்குக் கிட்டத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்புமுன் ஒரு சிங்களக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். அவருக்குச் சிங்களம் பேசத் தெரியும். வாசிக்கத் தெரியாது. கப்பல்களை நோட்டமிட்டதாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. துறைமுகத்துக்குள் போகும் பாஸ் திரும்பக் கிடைக்கவில்லை. யாரோ கொடுத்த கரிப்பெட்டியோடு இந்தக் கடையைத் தொடங்கினார்.

அவர் அவளை ஒருநாளும் குறை சொல்லவில்லை. அவள் மேலே பார்ப்பதை விட்டாள். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

சண்டை முடிந்தது. மேலும் பல வருடம் போனது. அவள் வேலை செய்த ஸ்டூடியோவில் முதலாளி ஒரு பழைய கெமராவைக் கழித்தபோது கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருநாள் அதை ஸ்லாப்பில் வைத்துச் சந்திரனை எடுத்தாள். மறுநாள் ஒஸ்வால்ட் படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவள் கெமரா வைக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பிகளில் விரிப்பு கட்டுவார். ஒழுங்கையிலிருந்து பார்த்தால் லோண்டரித் துணி. எடுக்கவேண்டிய பக்கத்து விரிப்பில் மட்டும் கிளிப்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. லென்ஸ் அளவு. அவள் உள்ளே நின்று எடுப்பாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஒழுங்கைக்குக் காது கொடுத்திருப்பார்.

மழை விட்ட ஒரு பின்னேரம் மேற்கு திறந்தது. கடல் பக்கம் ஒரு கீற்று மஞ்சள். மஞ்சள் சாம்பலானது. சுக்கிரன் வந்தது. அவள் இடைவெளியில் கண்ணை வைத்து நின்றாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உயர்ந்த பாரந்தூக்கிக்கு மேல் யாரோ விரலால் சுண்ணாம்பு இழுத்ததுபோல் ஒரு கோடு. அதன் அடியில் ஒரு புள்ளி.

அவள் ஷட்டர் வயரின் பொத்தானை அமுக்கினாள். மரியாள் செபத்தில் பாதி சொல்லி முடிய விரலை எடுப்பாள். முழுதும் சொன்னால் நட்சத்திரம் இழுபட்டுக் கோடாகிவிடும். அமுக்கினாள், எடுத்தாள், அமுக்கினாள். கடல்காற்று விரிப்பைத் தூக்கி லென்ஸின் மேல் போட்டது. படத்துக்குப் படம் வெள்ளைத் துணி. தப்பியவை கொஞ்சம்.

குசினியில் கெமராவின் திரையை அவருக்குக் காட்டினாள்.

"வடிவா இருக்கு," என்றார். அவர் கண் ஜன்னலில் இருந்தது.

"நீங்க பாக்கவே இல்ல."

"பாத்தனான்."

"எத்தின வால்?"

"கொன்ஸி, சாப்பாட்டப் போடு."

பாணும் பருப்பும் மாசிச் சம்பலும் வைத்தாள். நாளைக்கும் வானம் திறந்தால் நன்றாக எடுக்கலாம் என்றாள். அது நாளுக்கு நாள் மேலே ஏறும், ஏற ஏற மங்கும். சந்திரனும் வளர்கிறது. நாளைக்கு விட்டால் பிறகு கெமராவிலும் ஒழுங்காக விழாது.

"திரும்ப எப்ப வரும்?" என்று அவர் கேட்டார்.

"வராது. எங்களுக்கு மட்டுமில்ல. ஆருக்கும்."

காலையில் பக்கத்து வீட்டு ஷிஹாரா இடியப்பம் கொண்டுவந்தாள். அவள் இடியப்பம் அவித்து ஒழுங்கைக்கு விற்பவள். அவளுடைய ஸ்லாப்பும் இவர்களுடைய ஸ்லாப்பும் இடுப்பளவு சுவரால்தான் பிரிந்திருந்தன.

"கொன்ஸ்ரன்ஸ் அக்கா, வால்வெள்ளி வந்தா நாட்டு ராசாவுக்குக் கூடாதாமே?"

"எங்கட நாட்டில ராசாமாருக்கு வால்வெள்ளி தேவையில்ல, ஷிஹாரா. தாங்களே ஓடிருவாங்க."

"அதுவும் சரிதான். சொதிக்கு உப்புக் கொஞ்சம் கூடிட்டு. மழைக்கு உப்பு கட்டியாகிக் கிடக்கு, கை அளவு தெரியல்ல."

ஒஸ்வால்ட் கீழே கரி மூட்டினார். கொன்ஸ்ரன்ஸ் வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். படியில் அவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் ஓடுவதை அவள் கண்டு பல வருடம். அறைக்குள் வந்தார். மேசையில் இருந்த கெமராவை எடுத்தார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

உதட்டில் விரலை வைத்தார். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அவர் மேலே போனார். தொட்டியின் மூடி திறபடும் சத்தம். மூடுபடும் சத்தம். இறங்கி வந்தார். கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"ஆர்?" என்றாள்.

"பொலிஸ். மேல பாக்கவேணுமாம்."

பிறகு சப்பாத்துகள் ஏறின.

முதலில் வந்தவள் ஒரு பெண். மாநகரசபையின் சுகாதாரப் பரிசோதகர். கையில் நீண்ட டோர்ச்சும் ஓர் அகப்பையும். வெள்ளத்துக்குப் பிறகு டெங்கு கூடியிருந்தது. வீடு வீடாகத் தேங்கிய தண்ணீர் பார்க்க வந்திருந்தார்கள். துணைக்கு வந்த பொலிஸ்காரர் விமலசேன. அவர் போட்டிருந்த காக்கிச் சட்டை முதல்நாள் ஒஸ்வால்ட் மடித்துக் கொடுத்தது. கையின் மடிப்பு இன்னும் கத்திபோல நின்றது.

பரிசோதகர் உடைந்த கதிரையைப் புரட்டிப் பார்த்தாள். பூச்சாடிகள் இல்லை. நல்லது என்றாள். தொட்டிக்குப் போனாள். ஒஸ்வால்ட் ஓர் அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். அவள் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தாள்.

"மே மொகத?" என்றாள். இது என்ன?

கெமரா தொட்டியின் அடியில் கிடந்தது. அதன் வார் மட்டும் மேலே வந்து மிதந்தது.

அவள் அகப்பையால் வாரைப் பிடித்து இழுத்தாள். கெமரா நாலாபக்கமும் ஒழுகிக்கொண்டு மேலே வந்தது. புழு இல்லை, கெமராதான் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். விமலசேன சிரிக்கவில்லை.

"ஒஸ்வால்ட் அண்ணே," என்றார், தெரிந்த தமிழில். "ஏன் இது தண்ணிக்கு போட்ட?"

ஒஸ்வால்ட் அவரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"கழுவ," என்றார்.

பரிசோதகர் வாயைப் பொத்திக்கொண்டாள். விமலசேன திரும்பி விரிப்புகளைப் பார்த்தார். உள்ளே நின்ற ட்ரைபொட்டைப் பார்த்தார். கிளிப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் தானே கண்ணை வைத்துப் பார்த்தார். துறைமுகம் தெரிந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார்.

பொலிஸ் நிலையத்தில் இருவரையும் ஒரு வாங்கில் உட்காரவைத்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒஸ்வால்ட் கைகளைத் தொடைகளில் விரித்து வைத்திருந்தார். அப்படி வைக்க அவருக்கு எங்கோ பழக்கியிருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் அதைப் பார்த்தாள். தன் கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தாள். அவர் அசையவில்லை.

பொறுப்பதிகாரி இளையவர். அந்தத் தொண்ணூற்றேழில் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். மேசையில் ஒரு தட்டில் கெமரா. தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"யாருடைய கெமரா?"

ஒஸ்வால்ட் வாயைத் திறந்தார்.

"என்னுடையது," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"ஏன் தண்ணீரில் போட்டீர்கள்?"

"நான் போடவில்லை. இவர் போட்டார். பயத்தில்."

"என்ன பயம்?"

"உங்களைக் கண்டால் பயம்."

"டெங்கு பார்க்கத்தானே வந்தோம்."

"இவருக்கு எப்படித் தெரியும்? முதல் வந்தவர்கள் டெங்கு பார்க்க வரவில்லை."

அதிகாரி பேனையை மேசையில் தட்டினார். கோபப்படவில்லை. துறைமுகம் பாதுகாப்பு வலயம், அந்தப் பக்கம் கெமரா திருப்புவது சரியில்லை, துணி கட்டி மறைத்து ஓட்டை விட்டு எடுப்பது இன்னும் சரியில்லை என்றார். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

"நான் வானத்தை எடுத்தேன். வால்வெள்ளி. உங்கள் வீட்டுக் கூரையில் ஏறினாலும் தெரியும்."

"வானத்தை எடுத்தால் கீழே துறைமுகம் விழும்."

"விழும். அது அங்கே இருக்கிறது. நானா கொண்டுவந்து வைத்தேன்?"

வாசலில் நின்ற விமலசேன நிலத்தைப் பார்த்தார்.

அதிகாரி ஒரு கடதாசியை எடுத்து எழுதினார். எழுதி முடித்துத் திருப்பி வைத்தார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இனி அந்த ஸ்லாப்பில் படம் எடுப்பதில்லை என்று இருவரும் கையெழுத்து வைத்தால் போதும். கெமராவைக் கொண்டுபோகலாம். உள்ளே இருக்கும் படங்களையும் கொண்டுபோகலாம். காய்ந்தால் சிலவேளை வரும்.

ஒஸ்வால்ட் பேனையை எடுத்துவிட்டார். கொன்ஸ்ரன்ஸ் கடதாசியின் மேல் கையை வைத்தாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"நான் இப்போது சொன்னதுதான்."

"எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில் தாருங்கள்."

"தமிழ் எழுதுகிறவர் இன்று லீவு."

"அவர் வந்தபிறகு வருகிறோம்."

"அதுவரை கெமரா இங்கே இருக்கும்."

"இருக்கட்டும்."

"கொன்ஸி," என்றார் ஒஸ்வால்ட், மெதுவாக, தமிழில். "வை. வச்சிட்டுப் போவம்."

அதிகாரி அவளைப் பார்த்தார். "தமிழில் எழுதித் தந்தால் கையெழுத்து வைப்பீர்களா?"

அவள் யோசித்தாள்.

"வாசிப்பேன்," என்றாள். "வைக்க மாட்டேன்."

அதிகாரி கடதாசியை இழுத்து ஒரு கோப்புக்குள் போட்டார், கெமராத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். இனி அந்த ஸ்லாப்பில் கெமரா நின்றது என்று காதில் விழுந்தால் ஆளைக் கூட்டிவரச் சொல்வேன் என்றார். சொல்லும்போது ஒஸ்வால்டைப் பார்த்துச் சொன்னார்.

"எந்த ஆளை என்று சரியாகச் சொல்லி அனுப்புங்கள்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "என் பெயர் எழுதியிருக்கிறீர்கள்தானே?"

வெளியே வெயில். மழைக்கு முந்திய வெயில். வீதியில் சேறு காய்ந்து மணத்தது. லூசியாள் கோயில் வரைக்கும் நடந்தார்கள். அங்கே ஒஸ்வால்ட் நின்றார்.

"ஒரு கையெழுத்துத்தானே."

"போன முறையும் ஒரு கையெழுத்துத்தானே."

"அத நீ கதைக்காத. உள்ளுக்க இருந்தது நான்."

"ஓம். நீங்கதான். ஆர் உங்கள இருக்கச் சொன்னது?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ட சாமான்," என்றாள். "என்னட்ட வாய் இருந்தது. நீங்க குறுக்க விழுந்து 'என்ட' எண்டீங்க. அண்டையில இருந்து இந்த வீட்டில நான் என்னத்தக் கேக்க ஏலும்? சத்தமா ஒரு கதை கதைக்க ஏலுமா? பெட்ஷீட்டுக்குள்ள நிக்கிறன். கோழி மாதிரி."

"உன்னக் கொண்டுபோக விட்டிருக்கவா?"

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"அவங்கள் துவக்கோட நிக்கிறாங்கள். நான் உன்னட்ட நிண்டு கேக்கவா? உனக்கு என்ன விசரா?"

"விசர்தான்."

ஓர் இளநீர்க்காரன் அவர்களைப் பார்த்தான். ஒஸ்வால்ட் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

"திரும்ப அதுக்குள்ள போக என்னால ஏலாது, கொன்ஸி."

கொஞ்சத் தூரம் நடந்தார்கள்.

"இண்டைக்கு வானம் திறந்தா நான் மேல போவன்," என்றாள்.

"கெமரா?"

"பாப்பம்."

"நான் பெட்ஷீட் கட்டமாட்டன்."

"கட்ட வேணாம். அதத்தான் சொல்லுறன். இனி ஒண்டும் கட்ட வேணாம்."

ஸ்டூடியோவில் முதலாளி பௌஸி ஒரு கைக்குழந்தைக்குப் பாஸ்போட் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். தாய் வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒளிந்து குழந்தையைப் பிடித்திருந்தாள். குழந்தையின் தலை சரிந்தது. கொன்ஸ்ரன்ஸ் வந்து பையை வைத்துவிட்டுக் குழந்தையின் நாடிக்குக் கீழே துணியை மடித்துக் கொடுத்தாள். திறப்புக்கோர்வையைக் கெமராவுக்கு மேலே கிலுக்கினாள். குழந்தை பார்த்தது. பௌஸி அமுக்கினார்.

தாய் போனதும் அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"கழுவப் போட்டயாம்!"

"உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கா? செட்டியார் தெரு முழுக்கத் தெரியும். ஒஸ்வால்ட் அண்ணன் கெமராவுக்குக் கஞ்சியும் போட்டீக்கிம்."

கண்ணைத் துடைத்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"பொலிஸ் என்ன சொன்ன?"

"ஸ்லாப்பில எடுக்கக் கூடாதாம்."

"எழுத்துல தந்தாங்களா?"

"என்னை எழுத்துல தரச் சொன்னாங்க. நான் குடுக்கல்ல." அவள் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தாள். "பௌஸி நானா, பின்னேரத்துக்குக் கலியாணக் கெமராவத் தாங்க."

பௌஸி வாசலைப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து பையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு பையிலிருந்து கையை எடுக்காமலே நின்றார்.

"நாளைக்கு மாபோலையில நிக்காஹ் ஈக்கி. இது இல்லாட்டி நான் கைத் தொலைபேசியிலதான் மாப்புளய எடுக்கணும்."

"தெரியும்."

"ஆர்ட கெமரா எண்டு கேட்டா பௌஸிட எண்டு சொல்லுங்க. பயப்படாம சொல்லுங்க. எனக்கும் வயசு போயிட்டு."

"கெமரா உங்கட," என்றாள். "படம் என்ட. அப்பிடித்தான் சொல்லுவன்."

அவர் கையை எடுத்தார்.

பிற்பகல் மழை வழக்கம்போல வந்தது. வழக்கத்தைவிடக் கெதியாக விட்டது. கொன்ஸ்ரன்ஸ் மேலே போனாள். முதல்நாள் கட்டிய விரிப்புகள் நனைந்து தொங்கின. ஒவ்வொன்றாகக் கழற்றி முறுக்கிப் பிழிந்து தொட்டியின் மேல் போட்டாள். ஸ்லாப் வெளியானது. ஒழுங்கையின் வாசல்வரை அவளுக்குத் தெரிந்தது. ஒழுங்கைக்கும் அவள் தெரிந்தாள்.

ட்ரைபொட்டை நடுவில் விரித்தாள்.

"அக்கா," என்று ஷிஹாரா சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். "எங்க பெட்ஷீட்?"

"கழட்டிட்டன்."

"அண்ணன்?"

"கீழ. காக்கி தேய்க்கிறார்."

"கோவமா?"

"கோவமெண்டா பரவாயில்ல."

ஷிஹாரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரில் முழங்கையை ஊன்றினாள். மேற்கே மஞ்சள் வடிந்தது. துறைமுகத்தில் விளக்குகள் எரிந்தன. ஒரு கொள்கலன் இறங்கும் சத்தம் வந்தது. கிழக்கே, அவர்களுடைய முதுகுப் பக்கம், சந்திரன் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

"வந்திட்டுது," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"எங்க? எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

"சுக்கிரன் தெரியுதா? அதில இருந்து வலப் பக்கம் வாங்க. உயந்த கிரேனுக்கு மேல. நேராப் பாக்க வேணாம். கொஞ்சம் பக்கத்தால பாருங்க, கோவத்தில மாமியப் பாக்கிற மாதிரி."

ஷிஹாரா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"யா அல்லாஹ்," என்றாள்.

அவள் உள்ளே ஓடிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவர்களும் வந்து சுவரில் சாய்ந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஒழுங்கையில் போனவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஷிஹாரா மேலிருந்து கையை நீட்டிக் காட்டினாள். கொன்ஸ்ரன்ஸ் அமுக்கினாள், எடுத்தாள். விரிப்பு இல்லை. காற்று அடித்தால் அடித்தது. ஒவ்வொரு படமும் முழுதாக வந்தது. மேலே நீண்ட வெள்ளை வால், கீழே பாரந்தூக்கிகளின் கறுப்பு.

படியில் காலடி கேட்டது. அவள் திரும்பவில்லை. ஒஸ்வால்ட் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவரிடம் கரி மணத்தது.

"எல்லாரும் பாக்கிறாங்கள்," என்றார்.

"பாக்கட்டும்."

"ஒழுங்கை முனையில ஜீப் நிக்குது."

"நிக்கட்டும்."

அவர் போகவில்லை. வேறு எங்கும் பார்க்க இடமில்லாததுபோல் மேற்கே பார்த்தார். முதலில் துறைமுகத்தைப் பார்த்தார். அங்கே அவர் வேலைக்குப் போய்வந்த பழைய வாயில் இருந்தது. பிறகு மேலே பார்த்தார். அவர் நிமிர்ந்து பார்த்ததை அவள் கேட்டாள். அவருடைய மூச்சு ஒரு கணம் நின்றது.

"இதுவா?"

"இதுதான்."

"இதுக்கா?"

"ஓம். இதுக்குத்தான்."

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"நீலம் போட்ட வெள்ளை," என்றார். "நல்லாத் தோய்ச்ச வெள்ளை."

அவள் கண்ணாடிக்குள் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு உதவி செய்யுங்க. அந்தக் கரையில போய் நில்லுங்க. கட்டுக்குப் பக்கத்தில."

"ஏன்?"

"அது எவ்வளவு பெரிசு எண்டு தெரிய ஆள் ஒண்டு வேணும்."

"ஷிஹாராவ நிப்பாட்டு."

"எனக்கு நீங்க வேணும்."

அவர் தொட்டியின் மேல் கிடந்த ஈர விரிப்புகளைப் பார்த்தார். கையை நீட்டி ஒன்றைத் தொட்டார். பிறகு விட்டார். ஸ்லாப்பின் மேற்குக் கரைக்கு நடந்துபோய்க் கைப்பிடிக் கட்டின் மேல் கையை ஊன்றி, ஒழுங்கைக்குப் பக்கவாட்டாக நின்றார். துறைமுகத்தின் வெளிச்சத்தில் அவர் முழுதாகக் கறுப்பாகத் தெரிந்தார். வழுக்கை, தோள், சற்றுக் கூனிய முதுகு.

"நிமிந்து நில்லுங்க."

நிமிர்ந்தார்.

"சொல்லும்வரைக்கும் அசையாதீங்க."

அவள் அமுக்கினாள்.

கீழே ஒழுங்கையிலிருந்து ஒரு டோர்ச் எரிந்தது. வெளிச்சம் சுவரில் ஏறி, கட்டின் மேல் ஏறி, ஒஸ்வால்டின் முகத்தில் நின்றது.

"கவுத உட?" என்றது ஒரு குரல். மேலே யார்?

ஷிஹாராவின் பிள்ளைகள் சுவருக்குக் கீழே குனிந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. ஒஸ்வால்டின் கண்கள் வெளிச்சத்தில் சுருங்கின. கட்டின் மேல் ஊன்றிய கையின் நரம்பு எழும்பியதை அவள் கண்டாள். பொத்தானை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் உட்காரவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. உடம்பு அசையாமல் வாயை மட்டும் திறந்தார். ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி, தமிழில் சொன்னார்.

"ஒஸ்வால்ட்! லோண்டரி ஒஸ்வால்ட்!"

டோர்ச் அசைந்தது.

"படம் எடுக்கிறது என்ட மனிசி. பேர் கொன்ஸ்ரன்ஸ். வால்வெள்ளி எடுக்கிறா. நான் நிக்கிறன். முடியும்வரைக்கும் அசைய ஏலாது. ஏதும் கேக்கவேணுமெண்டா மேல வந்து அவவிட்டக் கேளுங்க!"

டோர்ச் அவர் முகத்திலேயே இருந்தது. அந்த வெளிச்சம் படத்துக்குள் விழும் என்று அவளுக்குத் தெரியும். முகத்தின் பாதி வெள்ளையாக விழும். பேசிய வாய் கலங்கலாக விழும். மேலே வால்வெள்ளி விழும்.

அவள் விரலை எடுக்கவில்லை.